டோ குவா வான்

டோ குவா வான் என்பது ஹாங்காங்கில் கவுலூன் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், விக்டோரியா துறைமுகத்தை ஒட்டி அமைந்துள்ள நகர்ப்பகுதி ஆகும். இது கவுலூன் நகர மாவட்டத்தைச் சேர்ந்தது. நெருக்கமாகக் கட்டப்பட்ட பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் இங்கு மிகுதி. இப்பகுதி தற்போது பெருமளவில் இடித்துக் கட்டப்பட்டு வருகிறது.

வரலாறு

இப்பகுதியின் கரை இயற்கையானது அன்று. கடலைத் தூர்த்து விரிவாக்கப்பட்டது. முன்பு குடாவில் தனித் தீவாக இருந்த ஹோய் ஷாம், 1960களில் நிலத்தோடு இணைக்கப்பட்டு இன்று பூங்காவாக உள்ளது.

அருகிலிருந்த காய் டாக் விமான நிலையத்தால் இங்கு கட்டடங்களின் உயரம் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. எனவே, மின்தூக்கி இல்லாத தாழ்ந்த கட்டடங்கள் சுவரோடு சுவர் ஒட்டி எழுந்தன. 'பதின்மூன்று தெருக்கள்' எனப்படும் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டிராகன், பீனிக்ஸ், மான், கொக்கு போன்ற மங்கல உயிரினங்களின் பெயர்களைத் தாங்கிய இத்தெருக்களின் தரைத்தளங்களில் கார் பழுதுபார்க்கும் பட்டறைகள் நிறைந்துள்ளன. மேல்தளங்களில் பல வீடுகள் சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டுள்ளன.

1998 ஜூலையில் காய் டாக் விமான நிலையம் மூடப்பட்டது. அதன்பின் உயரமான கட்டடங்கள் எழ வழி பிறந்ததால் நிலத்தின் மதிப்பும் கூடியது.

2010 விபத்து

2010 ஜனவரி 29 அன்று மா டாவ் வாய் சாலையில் இருந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்ததில் நால்வர் இறந்தனர். அது 50 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. பழைய கட்டடங்களின் ஆபத்தை இவ்விபத்து உணர்த்தியது. 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களுக்கான கட்டாய ஆய்வுத் திட்டம் 2012 இல் நடைமுறைக்கு வந்தது.

மீளமைப்பு

2001 இல் நிறுவப்பட்ட நகரப் புதுப்பிப்பு ஆணையம் இங்கு பல திட்டங்களை மேற்கொண்டு வருகிறது. ஆணையம் முதலில் உரிமையாளர்களிடம் வீடுகளை விலைக்குக் கேட்கும். உடன்பாடு ஏற்படாவிடில் அரசு சட்டப்படி நிலத்தைக் கையகப்படுத்தலாம். சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு, அதே வட்டாரத்தில் ஏறத்தாழ அதே அளவுள்ள, 7 ஆண்டுப் பழமையான வீட்டின் விலையை அடிப்படையாகக் கொண்டு இழப்பீடு கணக்கிடப்படுகிறது.

வாடகைதாரர்களின் நிலை வேறு. திட்டம் அறிவிக்கப்படும் நாளில் குடியிருப்போர் கணக்கெடுக்கப்படுகின்றனர். தகுதியுள்ளோருக்கு அரசு வாடகை வீடோ பணஉதவியோ கிடைக்கும். ஆனால் ஆணையம் வீட்டை வாங்கும் முன்பே உரிமையாளர் வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால், வாடகைதாரர் இடம்பெயர நேரிடும். பட்டறைகளுக்கும் சிக்கல் உண்டு. அவை மலிவான வாடகையையும் அக்கம்பக்கத்து உதிரிப்பாகக் கடைகளையும் நம்பி இயங்குபவை. புதிய கோபுரங்களின் கீழ்த்தளத்தில் அவற்றுக்கு இடம் கிடைப்பது அரிது.

இன்றைய நிலை

2021 ஜூன் 27 அன்று டோ குவா வான் தொடருந்து நிலையம் திறக்கப்பட்டது. 1908 இல் கட்டப்பட்டு 1999 இல் மூடப்பட்ட கால்நடைக் கொட்டில் இடிக்கப்படாமல், 2001 முதல் கலைஞர்களின் பணியிடமாகப் பயன்படுகிறது. பழைய கட்டடத்தைக் காப்பது இயலும் என்பதற்கு அது சான்று. ஆனால் பாதுகாப்பற்ற வீடுகளை அகற்றும்போது, அவற்றில் வாழ்ந்தவர்களையும் அதே பகுதியில் தக்கவைப்பது எப்படி என்பதே இங்கு இன்னும் தீராத கேள்வியாக உள்ளது.