இலக்கத் தகடும் ஓரெழுத்தும்

மோட்டார் வாகனங்களின் முன்னும் பின்னும் பொருத்தப்பெற்றுள்ள இலக்கத் தகட்டை நாம் நாள்தோறும் காண்கின்றோம். விபத்தோ களவோ நேர்ந்தாலன்றி அதனை ஊன்றிப் படிப்பார் அரியர். ஆயினும் ஒரு நாட்டின் ஆட்சிமுறையும், அந்நாட்டு மக்களின் ஊர்ப்பற்றும் மொழிப்பற்றும் அச்சிறு தகட்டிலே புலப்படுதல் உண்டு. அதனை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

தகட்டின் முதற்கடன் ஒரு வாகனத்தைப் பிற யாவற்றினின்றும் வேறுபடுத்திக் காட்டுதலாகும். நான்கு இலக்கங்களை மாத்திரம் கொண்டு 9,999 வாகனங்களையே குறிக்கலாம். அவற்றின் முன் ஆங்கில எழுத்தொன்றைச் சேர்ப்பின் அத்தொகை 26 மடங்காகும். ஈரெழுத்தாயின் 676 மடங்காகும். எழுத்து வேண்டப்பட்டமைக்கு இது ஒரு காரணம். மற்றொன்று, வாகனம் பதிவு செய்யப்பட்ட இடத்தை அதனால் அறிவிக்கலாம் என்பது.

பிரித்தானியாவில் 1904ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி வாகனப் பதிவு கட்டாயமாயிற்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் குடித்தொகை வரிசைப்படி எழுத்துகள் பகுக்கப்பட்டன. இலண்டன் 'ஏ' என்பதையும் லங்காஷயர் 'பி' என்பதையும் பெற்றன. 2001ஆம் ஆண்டு முதல் முன்னிரண்டு எழுத்துகள் இடத்தையும், அடுத்த ஈரிலக்கங்கள் காலத்தையும் உணர்த்துகின்றன. 2010 மார்ச்சு முதல் பதிந்தவை 10 என்றும், அவ்வாண்டு செப்டெம்பர் முதல் பதிந்தவை ஐம்பது கூட்டி 60 என்றும் பெற்றன.

ஜேர்மனியில் ஊர்ப்பெயரின் எழுத்தே தகட்டில் முதலில் நிற்கும். பேர்லினுக்கு 'பி', மியூனிக்குக்கு 'எம்', சிற்றூர்களுக்கு மூன்றெழுத்து வரை உண்டு. மாவட்டங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டபோது பல ஊர்களின் எழுத்துகள் வழக்கொழிந்தன. அவற்றை இழக்க மனமில்லாத மக்களின் விருப்பத்துக்கிணங்க, 2012 முதல் பழைய எழுத்துகளை மீண்டும் வழங்க இடமளிக்கப்பட்டது.

பிரான்சில் 1950 முதல் மாவட்ட எண் தகட்டின் ஈற்றில் நின்றது, பாரிசுக்கு 75. 2009இல் நாடு முழுவதற்கும் ஒரே தொடரான புதுமுறை வந்தது. முன்னும் பின்னும் ஈரெழுத்து, நடுவில் மூன்று இலக்கம் என்னும் அம்முறையில் 27 கோடிக்கு மேற்பட்ட வாகனங்களைக் குறிக்கலாம். கணக்குக்கு மாவட்ட எண் இனி வேண்டியதன்று. எனினும் மக்கள் அதனை விட்டுக்கொடுக்க இசைந்திலர். ஆகவே தகட்டின் வலப்புறத்தில் தாம் விரும்பும் மாவட்ட எண்ணைப் பொறிக்கும் உரிமை உரியவருக்கு அளிக்கப்பட்டது.

இந்தியாவில் முதலிரண்டு எழுத்துகள் மாநிலத்தைச் சுட்டுவன. தமிழ்நாடு 'டீ என்' எனக் குறிக்கப்படும். 2014இல் தோன்றிய தெலுங்கானா 'டீ எஸ்' என்பதைப் பெற்றது. தனி மாநிலம் வேண்டிப் போராடிய காலத்தே மக்கள் தம் வண்டிகளில் எழுதிய 'டீ ஜீ' என்பதே 2024இல் அம்மாநிலத்தின் குறியாயிற்று.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இங்கு முன்னர் ஆங்கில எழுத்துகளே தகடுகளில் வழங்கின. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியதை அடுத்து, புதிய வாகனங்களின் இலக்கங்களுக்கிடையே சிங்கள எழுத்தில் 'ஸ்ரீ' பொறிக்கப்பட வேண்டுமென விதிக்கப்பட்டது. ஸ்ரீ என்னும் சொல் இரு சாராருக்கும் பொதுவானது, மங்கலப் பொருளது, நம் திருக்கோயில்களிலும் வழங்குவது. ஆகவே தமிழ் மக்கள் வெறுத்தது அச்சொல்லை அன்று. தம் மொழிக்கு ஆட்சியில் இடமில்லை என்பதற்கு அவ்வரிவடிவம் சான்றாய் நின்றமையே அவர்தம் மனத்தைப் புண்படுத்தியது. தமிழரசுக் கட்சியினர் தமிழில் ஸ்ரீ பொறித்து வண்டியோட்டிச் சிறை சென்றனர். 1958 மார்ச்சில் சிங்கள ஸ்ரீ தாங்கிய அரசாங்க பஸ் வண்டிகள் வடக்கே வந்தபோது அவ்வெழுத்து தார் பூசி அழிக்கப்பட்டது. தெற்கிலே பெயர்ப்பலகைகளின் தமிழெழுத்துகள் தார் பூசப்பெற்றன. ஏப்ரில் 9ஆந் திகதி பிரதமர் பண்டாரநாயக்கா, தந்தை செல்வநாயகத்துடன் முந்திய ஆண்டிற் செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதத்தில் நிகழ்ந்த கலவரத்தில் எத்தனையோ உயிர்கள் மாண்டன. இவ்வழிவுக்கு ஓரெழுத்து மாத்திரமே காரணமன்று. ஆயினும் மூண்டிருந்த நெருப்புக்கு அது நெய்யாயிற்று.

பிற்காலத்தில் ஸ்ரீ நீங்கி இலக்கங்கள் மாத்திரம் நின்றன. 2000ஆம் ஆண்டில் மாகாணங்களைச் சுட்டும் ஆங்கில எழுத்துகள் வந்தன. வண்டி மாகாணம் மாறுந்தோறும் தகட்டையும் மாற்றவேண்டிய தொல்லை இருந்தமையால், 2023 முதல் புதிய தகடுகளில் அவ்வெழுத்துகள் விடப்பட்டன.

இவற்றை ஒப்புநோக்குமிடத்து ஓருண்மை புலனாகின்றது. பிரான்சு மக்களும் ஜேர்மனி மக்களும் தம் அடையாளத்தைத் தகட்டில் வேண்டினர், அரசுகள் செவிசாய்த்தன, பூசல் விளையவில்லை. இங்கோ மக்களைக் கேளாது ஓரெழுத்துச் சுமத்தப்பட்டது. நாளை அரசாங்க அலுவலகங்களில் விதிகளை வகுக்கும் பொறுப்பை ஏற்கவிருக்கும் நம் மாணவர்கள், சிறிய விதியொன்றை எழுதும்போதும் அது யார் மனத்தைத் தைக்கும் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.