தொட்டி மீன்கள் பசியால் சாவதில்லை

மாரி மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கும் மார்கழி, தை மாதங்களில் அலங்கார மீன்களோடு என்னிடம் வருபவர்கள் கூடிவிடுகிறார்கள். பொலித்தீன் பையிலோ ஜாம் போத்தலிலோ மீன் ஒருக்களித்துக் கிடக்கும். வயிறு ஊதி, செதில்கள் கிளர்ந்து, கண் பிதுங்கியிருக்கும். “நேற்று வரைக்கும் நல்லா ஓடித் திரிஞ்சது, டொக்டர்” என்பார்கள். ஒரு மீன் ஒரே நாளில் இந்த நிலைக்கு வராது. சாப்பாட்டைத் துப்பியது, மூலையில் ஒதுங்கியது, வெள்ளை நூல்போல மலம் கழித்தது எல்லாம் பல நாள்களாக நடந்திருக்கும். யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் “சாப்பிடாமல் மெலியுது” என்று இன்னும் ஒரு பிடி தீனியை அள்ளிப் போட்டிருப்பார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மயிலிட்டி, தையிட்டி, ஊறணிப் பக்கத்தில் இப்போது பல வீடுகளில் மீன்தொட்டி இருக்கிறது. 1990 ஜூனில் போரால் ஊரை விட்டுப் போனவர்கள் 2017 ஜூலையில் இராணுவத்திடமிருந்து மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்ட பின் படிப்படியாகத் திரும்பி வந்து கட்டிய வீடுகள் அவை. சொந்த வீட்டில் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் பொருள்களில் ஒன்றாக அந்தத் தொட்டி இருக்கும். அதில் மீன் செத்து மிதந்தால் பிள்ளை அழும் அழுகையை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்தி எழுதுகிறேன்.

இறங்குதுறையில் கிடைக்கும் தீனி

கடலோரக் குடும்பங்களில் ஒரு நம்பிக்கை உண்டு: மீனைப் பற்றி எங்களுக்குத் தெரியாததா? கடல் மீனைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. ஆனால் கடையில் வாங்கும் கப்பி, மொலி, பொன்மீன், ஏஞ்சல் எல்லாம் நன்னீர் மீன்கள். வள்ளம் கரைக்கு வந்ததும் கழிவாக ஒதுங்கும் சாளை, நெத்தலி, இறால் தலை ஆகியவற்றைப் பச்சையாக நறுக்கித் தொட்டியில் போடுவது இங்கே சாதாரண வழக்கம். காசு செலவில்லை, மீனும் பாய்ந்து தின்கிறது, பிறகென்ன என்கிறார்கள்.

சாளை, நெத்தலி இனங்கள் பலவற்றின் பச்சைத் தசையில் தயமினேஸ் என்ற நொதியம் இருக்கிறது. அது விட்டமின் பி1-ஐ அழிக்கும். தினமும் இதையே தின்னும் மீன் சில வாரங்களில் பசி இழந்து, நிலை தடுமாறி, சுழன்று நீந்தத் தொடங்கும். அவித்தால் நொதியம் செயலிழந்துவிடும். அதோடு சாளையின் எண்ணெய் நீர்ப்பரப்பில் படலமாகப் படிந்து, காற்று கலப்பதைக் குறைக்கும். கருவாட்டுத் தூளில் உப்பு அதிகம், அது வேண்டவே வேண்டாம். ஒஸ்கார் போன்ற பெரிய ஊனுண்ணிகளுக்கு மட்டும், அவித்து ஓடு நீக்கிய இறாலை வாரத்தில் ஒருநாள் சிறு துண்டாகக் கொடுக்கலாம்.

சுண்ணாம்புத் தண்ணீரில் மீந்த தீனி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். மீன் தின்னும் புரதத்தின் கழிவு அமோனியாவாகச் செவுள் வழியாக வெளியேறுகிறது. தின்னாமல் அடியில் தங்கும் தீனியும் அழுகி அமோனியாவாகிறது. கார, அமிலத் தன்மை சமமான தண்ணீரில் இதில் மிகச் சிறு பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கடினமானது, பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. 30 பாகை வெப்பத்தில், கார, அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் நச்சு வடிவ அமோனியாவின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிறது. வேறிடத்தில் மென்மையான தண்ணீரில் வளர்ப்பவர் போடும் அதே மிச்சத் தீனி நம் தொட்டியில் செவுளைச் சுட்டுவிடும். மீன் மேலே வந்து வாய் பிளந்து காற்றுக் குடிப்பதைப் பார்த்து, பசிக்கிறது என்று மறுபடியும் தீனி போடுகிறோம்.

தொட்டி புதியதென்றால் ஆபத்து இன்னும் கூடும். அமோனியாவைத் தின்று தீர்க்கும் நல்ல பக்ற்றீரியாக்கள் வடிகட்டியில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் பிள்ளைகளின் சந்தோஷத்துக்காக நாளுக்கு ஐந்து தடவை தீனி போட்டால் எந்த மீனும் தாங்காது.

மார்கழிக் குளிரில் ஏன் கூட்டம் கூடுகிறது என்பதற்கும் விடை இதற்குள்தான். மீனின் உடற்சூடு தண்ணீரின் சூட்டையே சார்ந்தது. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மெதுவாகும், பசியும் குறையும். நாம் மட்டும் சித்திரையில் போட்ட அளவையே போட்டுக்கொண்டிருக்கிறோம். மின்வெட்டில் காற்றுக் குழாயும் நின்றுவிட்டால், மிஞ்சியதெல்லாம் அழுகும்.

திரும்பத் திரும்பக் கேட்கும் கதைகள்

“ஆளைக் கண்டதும் கண்ணாடிக்கு ஓடி வருது, பசிதானே?” பசி அல்ல, பழக்கம். ஆளைக் கண்டால் தீனி வரும் என்று கற்றுக்கொண்ட மீன், வயிறு நிறைந்திருந்தாலும் ஓடி வரும். வளர்ந்த மீனுக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரு நாளில் இரண்டு வேளை போதும். வாரத்தில் ஒரு நாள் தீனியே இல்லாவிட்டாலும் அதற்குக் கேடில்லை.

“பாண் போட்டால் ஆசையாத் தின்னுது.” பாண், பிஸ்கட், சோறு எல்லாம் மாப்பொருள். மீனின் குடலில் ஊறிப் பெருக்கும், தண்ணீரைக் கலக்கும். பொன்மீனுக்கு இரைப்பையே கிடையாது. காய்ந்த மிதக்கும் தீனியைக் காற்றோடு விழுங்கினாலே தலைகீழாக மிதக்கத் தொடங்கிவிடும் சாதி அது. கோழித்தீன், மாட்டு ஈரல், கோழித் தோல் என்று கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தரை விலங்குகளின் கொழுப்பு மீனின் ஈரலில் படியும். வெளியே கொழுத்து அழகாகத் தெரியும் மீன் உள்ளே நோயாளி.

“டேங்க் கிளீனர் விட்டிருக்கிறம், கழிவை அது தின்னும்.” தின்னாது. அந்த உறிஞ்சுவாய் மீன் பாசியும் தாவரமும் தின்பது. மற்ற மீன்களின் மலத்தை நம்பி விட்டால் அது வயிறு ஒட்டிச் சாகும். வெள்ளரித் துண்டு, அவித்த பூசணி, வெந்நீரில் வாட்டிய கீரை கொடுங்கள். நம் தோட்டங்களில் மருந்தடிப்பது எல்லோருக்கும் தெரியும், கீரையை நன்றாக ஊறவைத்துக் கழுவிய பிறகே போடுங்கள். பெரிதாகிவிட்டதென்று அந்த மீனைக் குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். அது நம் குளத்து மீன்களின் இடத்தைப் பிடித்துவிடும்.

“ஃபைட்டர் மீன் செடியின் வேரைத் தின்று உயிர் வாழும்.” இது விற்பவர் சொல்லும் பொய். ஃபைட்டர் பூச்சி தின்னும் மீன்.

“நிறம் கூட்டும் தீனி” பற்றி நிறையக் கேட்கிறார்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களுக்கு வேண்டிய கரோட்டினொயிட்டை மீனால் உண்டாக்க முடியாது, தீனியிலிருந்தே பெறவேண்டும். ஸ்பிருலினாவோ இறால் ஓடோ கலந்த நல்ல தீனி அதற்குப் போதும். ஆனால் கடையில் எரியும் சிவப்பில் வாங்கி வந்த கப்பி ஒரு மாதத்தில் வெளிறி, குஞ்சும் போடாவிட்டால் உங்கள் தீனியைக் குறை சொல்லாதீர்கள். விற்பதற்கு முன் ஹோர்மோன் கொடுத்து நிறம் ஏற்றும் வழக்கம் இந்த வியாபாரத்தில் உண்டு.

இனி என்னைக் கோபப்படுத்தும் கதை. உயிர்த்தீனி நல்லதென்று வீட்டுப் பின்புறத்தில் வாளியில் தண்ணீர் வைத்து நுளம்புக் குடம்பி வளர்க்கிறார்கள். ஒவ்வொரு மாரியிலும் டெங்கு வரும் மாவட்டத்தில் இதைச் செய்யலாமா? முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு நாள் அள்ள மறந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல். குஞ்சு மீனுக்கு உயிர்த்தீனி வேண்டுமென்றால் ஆர்ட்டீமியா முட்டையை வாங்குங்கள். வடிகட்டிய மயிலிட்டிக் கடல்நீரில், காற்றுக் குழாய் வைத்து ஒரு நாள் விட்டால் பொரித்துவிடும். நன்னீரில் அலசிவிட்டுக் கொடுங்கள்.

கப்சூலை உடைத்துக் கொட்டுபவர்களுக்கு

மீன் சோர்ந்தால் முதலில் கை போவது வீட்டு மருந்துப் பெட்டிக்கு. மனிதருக்குக் கொடுத்து மிஞ்சிய டெட்ராசைக்ளின், அமொக்சிசிலின் கப்சூலை உடைத்துத் தொட்டியில் கொட்டுகிறார்கள். எத்தனை லீற்றர் தண்ணீர், என்ன நோய், ஒன்றும் பார்ப்பதில்லை. கழிவைத் தின்றுகொண்டிருந்த நல்ல பக்ற்றீரியாக்கள் முதலில் பாதிக்கப்படும், அமோனியா ஏறும், மிச்ச மீனும் சாகும். நம் தண்ணீரின் கல்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொள்வதால் மருந்தும் சரியாக வேலை செய்யாது. பிறகு அந்தத் தண்ணீரை வளவில் ஊற்றுகிறார்கள். மெல்லிய மண்ணுக்கு அடியில் வெடிப்பு விட்ட சுண்ணாம்புக் கல், அதற்கு அடியில் நாம் குடிக்கும் கிணற்றின் ஊற்று. மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்க்கிறோம்.

மயில்துத்தம் போடுபவர்களும் இருக்கிறார்கள். செம்பு நஞ்சு. அளவு சற்றுப் பிசகினாலும் செவுள் கருகும். மஞ்சள்தூளும் வேப்பிலைச் சாறும் தண்ணீரைக் கலக்கும். தயவுசெய்து எதையும் போடாதீர்கள். இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள், அடிக்கழிவை உறிஞ்சி எடுங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், காற்றைக் கூட்டுங்கள். பாதி நோய்கள் இதிலேயே தணியும். தணியாவிட்டால் மூன்றாம் நாளே வாருங்கள்.

நன்றாகத் தின்றும் மெலிந்து முதுகு வளையும் மீனுக்குத் தீனியைக் கூட்டிப் பயனில்லை. விட்டமின் சி குறைவாகவும் இருக்கலாம், காசநோய் இனத்தைச் சேர்ந்த மைக்கோபக்ற்றீரியம் மரீனமாகவும் இருக்கலாம். பின்னது மனிதரின் தோலுக்கும் வரும். தூண்டிலும் வலையும் கிழித்த கையோடு தொட்டிக்குள் கைவிடாதீர்கள். கையில் வாரக்கணக்கில் ஆறாத கட்டி இருந்தால், வீட்டில் மீன்தொட்டி இருப்பதை உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எதை வாங்குவது?

வாயைப் பாருங்கள். மேல்நோக்கிய வாயுள்ள கப்பி, மொலிக்கு மிதக்கும் பொடித்தீனி, மொலிக்குப் பாசி கலந்தது. நேர்வாயுள்ள ஏஞ்சலுக்கு மெல்ல மூழ்கும் சிறு உருண்டை. கீழ்வாய் மீன்களுக்கு அடியில் தங்கும் வில்லை. ஊனுண்ணிக்குப் புரதம் 40 வீதத்துக்கு மேல், எல்லாம் தின்பவற்றுக்கு 30 முதல் 40 வரை. பொன்மீனுக்குப் போடுமுன் சற்று ஊறவைக்கவும்.

திகதி இல்லாமல் பொலித்தீனில் பிரித்துக் கட்டிய மலிவுத் தீனியை வாங்காதீர்கள். நம் வெக்கையில் விட்டமின் சி விரைவில் அழியும், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்து ஈரலைக் கெடுக்கும். மூன்று மாதத்தில் முடியும் சிறு டப்பாவே போதும்.

தீனியோடு தண்ணீரையும் கவனியுங்கள். அமோனியா, அதிலிருந்து உண்டாகும் நைத்திரைற்று, பி.எச். மூன்றையும் பார்க்கும் சோதனைத் துளிகள் மீன் கடைகளில் கிடைக்கும்.

தாய்மாரே, தகப்பன்மாரே, தீனி டப்பாவைப் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு நாளுக்குரிய அளவை ஒரு சின்ன மூடியில் போட்டு அவர்களிடம் கொடுங்கள், அது முடிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மீன் துப்பினால் அன்றே தீனியை நிறுத்துங்கள். செதில் கிளர்ந்த பிறகு கொண்டுவந்தால் என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மூலையில் ஒதுங்கும்போதே கொண்டுவாருங்கள்.