ஸ்பிரிங் தாங்கும், எண்ணெய் அடக்கும்

ரிமோட் வண்டிப் பட்டறை – 9

சென்ற வாரம் மான்ஸ்டர் டிரக்கின் டயரைப் பார்த்தோம். உள்ளே காற்றடைக்காத, ஸ்பாஞ்சு வைத்த பெரிய டயர். அழுத்தினால் அமுங்கும், விட்டால் எம்பும். அந்த எம்பலை அடக்க டயருக்குள் எதுவும் இல்லை. அந்த வேலை முழுவதும் ஷாக் அப்சார்பரின் தலையில்தான் விழுகிறது.

என் முதல் வண்டி, நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ளது. மண்மேட்டில் ஏறிப் பாய்ந்து இறங்கியதும் பந்து போல இரண்டு முறை எம்பி, மூன்றாவது முறை கவிழ்ந்துவிட்டது. ஸ்பிரிங் மெத்தென்று இருப்பதுதான் காரணம் என்று நினைத்து, நான்கு ஷாக்கிலும் ஸ்பிரிங்குக்கு மேலுள்ள வளையத்தைத் திருகி இறக்கினேன். அடுத்த பாய்ச்சலில் முன்னைவிட மோசமாகத் துள்ளியது.

புதிதாக வருகிற எல்லோரும் முதலில் கை வைக்கும் இடம் அந்த வளையம்தான். அதைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகாது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க எவ்வளவு விசை வேண்டுமோ, அது அப்படியேதான் இருக்கும். மாறுவது வண்டி நிற்கும் உயரம் மட்டுமே. உயரம் கூடினால் கவிழ்வதும் சுலபமாகிவிடும். ஸ்பிரிங் கடினமாக வேண்டுமென்றால் தடித்த கம்பியில் செய்த வேறு ஸ்பிரிங்கைத்தான் போட வேண்டும்.

எனவே வளையத்தை உயரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைப் பொருத்தி, ஓடும்போது இருக்கும் முழு எடையோடு வண்டியைச் சமதளத்தில் வையுங்கள். இரண்டு முறை அமுக்கி விடுங்கள். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியானால், சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் ஏறத்தாழ தரைக்கு இணையாக நின்றால் நல்ல தொடக்கம். இடமும் வலமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

துள்ளலை அடக்குவது எண்ணெய். ஷாக்கின் உருளைக்குள் சிலிகான் எண்ணெய் இருக்கிறது. அதற்குள் சிறு துளைகள் கொண்ட பிஸ்டன் ஏறி இறங்குகிறது. எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கியடித்துப் போகும்போது துள்ளலின் சக்தி வெப்பமாகிக் கரைகிறது. எண்ணெய் தடிப்பாக இருந்தால் அசைவு மெதுவாகும், நீர்த்திருந்தால் வேகமாகும். வாங்கும்போது தடிப்பைக் குறிக்கும் சென்டிஸ்டோக் எண்ணைப் பாருங்கள். அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் 30 என்று குறிக்கும் எண்ணெய் 350 சென்டிஸ்டோக். 40 என்பது 500. இந்த 30, 40 கணக்கு எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. வெயிலில் எண்ணெய் நீர்க்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெரிய வண்டிகளுக்கும் இதே பாடம்தான். செயின்ட் லூயிஸைச் சேர்ந்த பாப் சாண்ட்லரின் பிக்ஃபுட் என்ற மான்ஸ்டர் டிரக் தொடக்கத்தில் பட்டை ஸ்பிரிங்கின் மேல்தான் நின்றது. 1989-இல் வந்த எட்டாம் பிக்ஃபுட், குழாய்ச் சட்டத்தோடும் நைட்ரஜன் அடைத்த நீண்ட ஷாக்குகளோடும் இறங்கியது. மான்ஸ்டர் டிரக் பாய்ந்து இறங்கும் விதமே அதன்பின் மாறிப்போனது.

எண்ணெய் மாற்றும்போது அவசரம் கூடாது. ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, பிஸ்டனைக் கீழே இழுத்துவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள். பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கினால் துளைகளில் ஒளிந்திருக்கும் காற்று குமிழியாக மேலே வரும். குமிழி அடங்கும்வரை அப்படியே நிமிர்த்தி வையுங்கள். பிறகு விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். உள்ளே காற்று தங்கிவிட்டால், பிஸ்டன் தண்டை அழுத்தும்போது சளசளவென்று சத்தம் கேட்கும். ஓரிடத்தில் பிடிப்பே இருக்காது. கீழே எண்ணெய் கசிந்தால் ஓ-ரிங்கை மாற்றுங்கள்.

கடைசியில் ஒரு சோதனை. வண்டியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மட்டமாகப் பிடித்து விடுங்கள். அடிப்பாகம் தரையை லேசாகத் தொட்டு, எழுந்து, அப்படியே நிற்க வேண்டும். மீண்டும் எம்பினால் எண்ணெயின் தடிப்பு போதவில்லை. ஒரு படி தடிப்பாக்குங்கள். எம்பாமல் டமாரென்று தரையில் அடித்தால் கடினமான ஸ்பிரிங் தேவை. அமுங்கவே மறுத்தால் எண்ணெயின் தடிப்பு மிஞ்சிவிட்டது. அப்படியே ஓட்டினால் சின்னச் சின்ன மேடுகளில் டயர் தரையை விட்டுத் தாவித் தாவிப் போகும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும்.

என் வண்டியில் வளையங்களைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டு, எண்ணெயை மட்டும் 350-இலிருந்து 500-க்கு மாற்றினேன். அதே மண்மேடு, அதே வேகம். இறங்கிய வண்டி ஒருமுறை அமுங்கி எழுந்தது. நான்கு டயரும் தரையைப் பிடித்தபடி நேராக ஓடியது.

(அடுத்த வாரம்: டிஃபரன்ஷியலுக்குள் என்ன நடக்கிறது?)