சாதம் வெந்ததும் ரைஸ் குக்கர் தானே நிற்பது எப்படி?

‘டக்’. பொத்தான் மேலே எழும்புகிறது. சமையல் விளக்கு அணைகிறது. எளிய குக்கரில் கணினிச் சில்லு ஏதும் கிடையாது. பிறகு, சாதம் வெந்ததை அதற்கு யார் சொன்னது?

பாத்திரத்தின் அடியைத் தொட்டபடி காந்தத்தோடு ஒட்டும் ஃபெரைட் என்ற பொருளாலான ஒரு சின்ன வில்லை இருக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் கீழிருந்து ஒரு காந்தம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் இருக்கும்வரை அடிப்பக்கம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். மிச்சச் சூடு ஆவியோடு போய்விடும். தண்ணீர் வற்றியதும் சூடு கிடுகிடுவென ஏறும். சுமார் 103 டிகிரியில்தான் விந்தை: ஃபெரைட் காந்தத்தோடு ஒட்டும் குணத்தையே இழக்கிறது!

ஏன்? காலை வணக்கத்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபெரைட்டின் அணுக்கள் குட்டிக் காந்தங்கள். பக்கத்தில் நிற்பதைப் பார்த்து வரிசை பிடிப்பவை. சூடு ஏற ஏறத் துள்ளுகின்றன. ஓர் எல்லையில் வரிசை கலைந்து, ஆளுக்கொரு திசை. பிடி விட்டதும் சுருள்வில் காந்தத்தைக் கீழே தள்ளிவிடும்; அதோடு சமையல் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, ‘டக்’.

1895-இல் இயற்பியலாளர் பியர் கியூரி ஆராய்ந்த அந்த எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். இரும்புக்கு அது 770 டிகிரி, அடுப்படிக்கு ஆகாது. ஃபெரைட்டிலோ கலவையை மாற்றி எல்லையை வேண்டிய இடத்தில் வைக்கலாம்.

ஆறியதும் வரிசை திரும்பிவிடும். நாளைய சோற்றுக்கும் அதே வில்லைதான்.