பள்ளி முற்றத்துக்கு நிலையான பந்தல்

பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கல்விச்சாலை ஒன்று சிறந்து விளங்கிற்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அதன் பராமரிப்புக்கென மூன்று கிராமங்கள் அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. ஆகவே, கல்விக்கு ஊர் உதவுவது நமக்குப் புதிதன்று. இன்று பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில், பள்ளிப் பிள்ளைகள் வெயிலிலும் மழையிலும் ஒதுங்கவும், ஒன்றுகூடி உணவருந்தவும் நிலையான பந்தல் பெரிதும் பயன்படும்.

கீற்றுக் கொட்டகை குளிர்ச்சி தரும், செலவும் குறைவு. ஆனால் 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை நாம் மறத்தலாகாது. எனவே இரும்புத் தூண்களும் துத்தநாகம் பூசிய தகட்டுக் கூரையுமே ஏற்றவை.

தகட்டுக் கூரைக்குப் பகை காற்று. நாற்புறமும் திறந்த பந்தலில் காற்று அடியிற் புகுந்து கூரையை மேலே தூக்கும். ஆதலின் இதன் அடித்தளம் பாரத்தைத் தாங்குவதற்கு மட்டுமன்று. கூரை பறந்துவிடாமல் பிடித்து வைப்பதற்கும் ஆகும். இதுவே நாம் முதலில் உணர வேண்டுவது.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். இந்தியத் தர விதி 875, புதுச்சேரிக்கு விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் காற்று வேகத்தை அடிப்படையாகக் கொள்கிறது. அவ்வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. பத்து மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உள்ள பந்தலை அது சுமார் 9 டன் விசையுடன் தூக்கக்கூடும். கூரையின் சொந்த எடையோ ஏறத்தாழ ஒரு டன்தான். மீதி 8 டன்னை ஆறு தூண்கள் பகிர்ந்தால் தூணுக்கு 1.3 டன் ஆகிறது.

ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2.4 டன் எடையுள்ளது. இது போதுமெனத் தோன்றும். ஆனால் புயல் மழையோடு வருவது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. மண்ணில் நீர் நிறைந்தால், அதில் மூழ்கிய கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு ஒரு டன் குறையும். எஞ்சுவது 1.4 டன்னே. ஆகையால் வயற்பாங்கான ஊர்களில் அடித்தளம் இதனினும் பெரிதாதல் வேண்டும். அளவைப் பொறியாளரே மண்ணைச் சோதித்து முடிவு செய்தல் நலம்.

தூணின் அடித்தகட்டைக் கான்கிரீட்டில் பதித்த திருகாணிகளால் இறுக்குக. கூரைத் தகடுகளின் ஓரங்களிலும் மூலைகளிலும் திருகாணிகளை நெருக்கமாக அமைத்தல் அவசியம். காற்று முதலில் பிய்ப்பது அங்கேதான். கடற்காற்று இரும்பை அரிக்கும். எனவே ஆண்டுதோறும் புரட்டாசியில் துருவைச் சுரண்டி வண்ணம் பூசுதல் வேண்டும். கூரை ஓரத்தில் தகர வாய்க்கால் பொருத்தினால், ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 600 லிட்டர் நீரைத் தொட்டியில் சேர்க்கலாம்.

புயல் எச்சரிக்கை வந்தபின் பிள்ளைகளைப் பந்தலடியில் நிறுத்தலாகாது. கட்டடத்துள் அனுப்புதல் வேண்டும்.

மதிப்பீட்டில் கூரையின் விலையை மட்டும் பார்த்து ஒப்புதல் அளித்தல் தகாது. மண்ணுக்கடியில் எவ்வளவு கான்கிரீட் என்று முதலில் கேட்போம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதியே பிள்ளைகளைக் காக்கும்.