குடியரசுத் தலைவர் தேர்தலும் கொல்லிமலை வாக்காளரும்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் 18 வயது நிரம்பிய ஒரு மாணவி தம் பெயரை முதன்முறையாக வாக்காளர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார் எனக் கொள்வோம். செய்தித்தாளில் குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றிய செய்தி வருகிறது. வேட்பாளர் இருவர். இவருள் யாரை ஆதரிப்பது என்று அவர் தோழியருடன் விவாதிக்கிறார். ஆனால் தேர்தல் நாளன்று செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ வாக்குச்சாவடி எதுவும் திறக்கப்படுவதில்லை. வாக்களிப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் மட்டுமே.

அப்படியானால் மலையிலுள்ள புதிய வாக்காளருக்கு இத்தேர்தலில் பங்கே இல்லையா? உண்டு. அந்தப் பங்கு எந்த வழியாக, எவ்வளவு எடையுடன் செல்கிறது என்பது ஒரு சுவையான கணக்கு. அதையே இக்கட்டுரையில் காண்போம்.

மலைக்கும் மாளிகைக்கும் உள்ள தொடர்பு

குடியரசுத் தலைவர் பதவி வெறும் அலங்காரப் பதவி என்று சிலர் எண்ணுகின்றனர். கொல்லிமலையில் வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். (கேரளத்தின் மலையாள மொழியினருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, மலையில் வாழ்வோர் என்பதே இங்குப் பொருள்.) எந்தெந்தச் சமூகங்கள் பழங்குடிகள் என்பதை அறிவிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 342-ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. 1950-இல் அவர் பிறப்பித்த ஆணையே இன்றுள்ள பட்டியலுக்கு அடிப்படை. அதன்பின் பட்டியலைத் திருத்த நாடாளுமன்றச் சட்டம் தேவை. மாணவர் ஒருவர் கல்லூரியில் சேரும்போது காட்டும் சாதிச் சான்றிதழின் வேர் அந்த ஆணையில் இருக்கிறது.

குடியரசுத் தலைவர் பெரும்பாலும் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்கவேண்டும். எனினும் மக்களவையில் எவருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது யாரை ஆட்சி அமைக்க அழைப்பது, ஒரு மசோதாவை மறுஆய்வுக்குத் திருப்பி அனுப்புவதா என்பன போன்ற நேரங்களில் அவருடைய சொந்த முடிவுக்கு இடமுண்டு. 2006-இல் ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பியது இதற்கு எடுத்துக்காட்டு.

நேரடித் தேர்தல் ஏன் இல்லை?

குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் கே. டி. ஷா போன்றோர் வாதாடினர். நேரு இதற்கு உடன்படவில்லை. நாடு முழுவதும் வாக்குப் பெற்று வரும் தலைவர், மக்களவைக்குப் பொறுப்பான அமைச்சரவைக்குப் போட்டியான அதிகார மையமாகிவிடக்கூடும் என்பது அவர் கருத்து. அதே வேளையில், நாடாளுமன்றம் மட்டுமே தேர்ந்தெடுத்தால் டில்லியில் ஆளும் கட்சியின் விருப்பமே முடிவாகிவிடும். ஆகவே மாநிலச் சட்டமன்றங்களையும் சேர்த்து ஒரு வாக்காளர் குழு அமைக்கப்பட்டது. நியமன உறுப்பினர்களுக்கு இதில் வாக்குரிமை இல்லை.

176 என்னும் எண்

சிக்கிமின் சட்டமன்ற உறுப்பினரும் உத்தரப் பிரதேசத்தின் சட்டமன்ற உறுப்பினரும் ஒரே எண்ணிக்கையுள்ள மக்களுக்காகப் பேசுவதில்லை. எனவே வாக்குகளுக்கு மதிப்பு கணக்கிடப்படுகிறது. மாநிலத்தின் மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். வரும் ஈவில் எத்தனை ஆயிரம் உள்ளதோ அதுவே ஓர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு. மீதி 500-க்குக் குறையாமல் இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளவேண்டும்.

தமிழ்நாட்டிற்குச் செய்து பார்ப்போம். 1971-ஆம் ஆண்டின் மக்கள்தொகை 4,11,99,168. உறுப்பினர்கள் 234 பேர். வகுத்தால் ஏறத்தாழ 1,76,065 வருகிறது. ஆகவே மதிப்பு 176. இதே முறையில் உத்தரப் பிரதேசத்தின் மதிப்பு 208. சிக்கிமின் மதிப்பு 7.

எல்லா மாநிலங்களின் வாக்கு மதிப்புகளையும் கூட்டி, அத்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு கிடைக்கும். 2022-இல் சட்டமன்றங்களின் மொத்த மதிப்பு 5,43,231. நாடாளுமன்ற உறுப்பினர்கள் 776 பேர். ஆகவே ஒருவரின் மதிப்பு 700. இவ்வாறு மாநிலங்கள் ஒரு தட்டிலும் நாடாளுமன்றம் மறு தட்டிலும் ஏறத்தாழச் சமமாக நிற்கின்றன.

கொல்லிமலை, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியில் அடங்கும். அத்தொகுதி நாமக்கல் மக்களவைத் தொகுதியின் ஒரு பகுதி. ஆகவே நம் மாணவியின் குரல் மூன்று வழிகளில் செல்கிறது. முதலாவது, அவர் தேர்ந்தெடுக்கும் சட்டமன்ற உறுப்பினரின் 176. இரண்டாவது, மக்களவை உறுப்பினரின் 700. மூன்றாவது, சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலங்களவை உறுப்பினர்களின் வாக்குகள். தமிழ்நாட்டின் 234 சட்டமன்ற உறுப்பினர்களையும், 39 மக்களவை உறுப்பினர்களையும், 18 மாநிலங்களவை உறுப்பினர்களையும் சேர்த்தால் 2022-இல் இம்மாநிலத்தின் மொத்த மதிப்பு 81,084. நாட்டின் மொத்தம் 10,86,431. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஏழரைப் பங்கு.

உறைந்து நிற்கும் கணக்கு

இங்கே ஒரு கேள்வி எழலாம். இன்று 18 வயதாகும் ஒருவர் அந்த 176-இல் எங்கே இருக்கிறார்? அவர் அதில் இல்லை. 1971-இல் அவருடைய பெற்றோரே பிறந்திருக்கமாட்டார்கள்.

இது மறதியால் நேர்ந்ததன்று. குடும்பக் கட்டுப்பாட்டைச் சிறப்பாக நிறைவேற்றும் மாநிலங்கள் அதனாலேயே செல்வாக்கை இழக்கக்கூடாது என்பதற்காக 1976-இல் 42-ஆம் திருத்தம் 1971-இன் கணக்கை உறையவைத்தது. 2001-ஆம் ஆண்டின் 84-ஆம் திருத்தம், 2026-க்குப்பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கின் விவரங்கள் வெளியாகும் வரை இந்நிலையை நீட்டித்தது.

உறைநிலை நீங்கினால் என்ன ஆகும்? 2011-இன் கணக்கை வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மதிப்பு 308 ஆகும். உத்தரப் பிரதேசத்தின் மதிப்பு 496 ஆகும். இரண்டுமே உயர்கின்றன என்று மகிழ்ந்துவிடக்கூடாது. விகிதத்தைப் பார்க்கவேண்டும். 1971-இன் கணக்குப்படி உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தின் மொத்த மதிப்பு (208 x 403 = 83,824) தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் மதிப்பைப்போல் (176 x 234 = 41,184) இரு மடங்குக்குச் சற்று அதிகம். 2011-இன் கணக்குப்படி அது ஏறத்தாழ 2.8 மடங்காகிவிடும். ஒவ்வொரு மனிதரையும் சமமாக எண்ணவேண்டும் என்பது ஒரு நியாயம். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்தைத் தண்டிக்கக்கூடாது என்பது மற்றொரு நியாயம். இரண்டையும் எப்படிச் சேர்த்து நிறைவேற்றுவது என்னும் கேள்விக்கு விடை காணவேண்டியவர்கள் இன்றைய இளைஞர்களே.

1, 2, 3 என்று எழுதும் வாக்கு

சட்டமன்றத் தேர்தலில் நாம் ஒரு பொத்தானை அழுத்துகிறோம். குடியரசுத் தலைவர் தேர்தலிலோ வாக்களிப்போர் தாளில் 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதுகின்றனர். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பச்சை நிறத் தாள். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இளஞ்சிவப்புத் தாள். எண்ணும் முறையை மலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

21 உழவர்கள் கூடி, பொது நிலத்தில் அன்னாசி, மிளகு, காப்பி ஆகிய மூன்றில் எதைப் பயிரிடுவது என்று வாக்கெடுக்கிறார்கள். அவர்களின் விருப்ப வரிசை இது:

9 பேர்: அன்னாசி, காப்பி, மிளகு
7 பேர்: மிளகு, காப்பி, அன்னாசி
5 பேர்: காப்பி, மிளகு, அன்னாசி

சட்டமன்றத் தேர்தல் முறைப்படி, முதல் விருப்பம் மட்டும் எண்ணப்படும். 9 வாக்குகளுடன் அன்னாசி வெல்கிறது. ஆனால் 12 பேர் அதைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள்!

குடியரசுத் தலைவர் தேர்தல் முறையில், செல்லத்தக்க வாக்குகளில் பாதியுடன் ஒன்றைக் கூட்டி, பின்னத்தை விட்டுவிடவேண்டும். இங்கு அது 11. எவருக்கும் 11 இல்லை. ஆகவே கடைசியிலுள்ள காப்பி நீக்கப்படுகிறது. அதன் 5 வாக்குகளும் இரண்டாம் விருப்பமான மிளகிற்குப் போகின்றன. 12 வாக்குகளுடன் மிளகு வெல்கிறது.

இன்னொரு முறையும் உண்டு. இவ்விரண்டாக மோதவிட்டுப் பார்ப்பது. காப்பியும் மிளகும் மோதினால் காப்பியை 14 பேர் விரும்புகின்றனர். காப்பியும் அன்னாசியும் மோதினாலும் காப்பியை 12 பேர் விரும்புகின்றனர். முந்திய முறையில் முதலில் வெளியேறிய காப்பியே இங்கு வெற்றியாளர்!

மக்கள் அவர்களே, விருப்பங்களும் அவையே. எண்ணும் முறை மாற, முடிவும் மாறுகிறது. இந்தப் புதிரை 1785-இல் பிரெஞ்சு அறிஞர் கொந்தர்சே ஆராய்ந்தார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர் போட்டியிடும்போது, நியாயமானவை என நாம் கருதும் சில நிபந்தனைகள் அனைத்தையும் ஒருசேர நிறைவேற்றும் வரிசை முறை எதுவும் இருக்கமுடியாது என்று 1951-இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் கென்னத் ஆரோ கணித வழியில் நிறுவினார். குறையே இல்லாத தேர்தல் முறையைத் தேடுவதைவிட, கைக்கொண்ட முறையின் குறையை அறிந்து வாக்களிப்பதே அறிவுடைமை.

இரண்டாம் விருப்பம் வென்ற ஆண்டு

1969 மே மாதத்தில் ஜாகிர் உசேன் மறைந்ததையடுத்து நடந்த தேர்தலில் 15 பேர் போட்டியிட்டனர். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. ஆனால் பிரதமர் இந்திரா காந்தி மனச்சாட்சிப்படி வாக்களிக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். முதல் எண்ணிக்கையில் வி. வி. கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, சி. டி. தேஷ்முக் 1,12,769. தேவையோ 4,18,169. எவரும் எட்டவில்லை. பின்தங்கியோரை ஒவ்வொருவராக நீக்கி, அடுத்த விருப்பங்களைச் சேர்த்தபோது கிரி 4,20,077 பெற்று வென்றார். ரெட்டி 4,05,427 பெற்றார்.

இலங்கையில் குடிமக்களே நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கின்றனர். 1982 முதல் நடக்கும் அத்தேர்தலிலும் விருப்ப வரிசை எழுதலாம். 2024 செப்டம்பர் 21-இல் நடந்த தேர்தலில்தான் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடும், சஜித் பிரேமதாச 32.76 விழுக்காடும் பெற்றிருந்தனர். மற்ற வேட்பாளர்களுக்கு 33 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்திருந்தன. அவற்றிலிருந்து இவ்விருவருக்கும் வந்து சேர்ந்தவை சுமார் 2,73,000 மட்டுமே. அவ்வாறு வாக்களித்தோருள் பன்னிருவரில் ஒருவர்கூட இவர்களுக்கு அடுத்த விருப்பம் குறிக்கவில்லை என்று பொருள். உரிமை இருந்தும் அது பெரும்பாலும் பயன்படாமல் போயிற்று.

புதிய வாக்காளர் செய்யக்கூடியது

1989-க்கு முன் வாக்குரிமை வயது 21. 61-ஆம் திருத்தம் அதை 18 ஆக்கியது. 2022 முதல் ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் உள்ளன: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்துப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வாழ்வோருக்கும் இது பொருந்தும்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு கிடையாது, வாக்கெடுப்பு இரகசியமானது. நம் உறுப்பினர் யாருக்கு வாக்களித்தார் என்று நாம் அறிய வழியில்லை. ஆகவே சட்டமன்றத் தேர்தலின்போதே, இவர் தாமாகச் சிந்தித்து முடிவெடுக்கக்கூடியவரா என்று பார்க்கவேண்டும். சாலையையும் மருத்துவமனையையும் பற்றிக் கேட்பதோடு, நாட்டின் முதல் குடிமகனிடம் எத்தகைய பண்புகளை எதிர்பார்க்கிறீர்கள் என்றும் அவரிடம் கேட்கலாம். கேட்பதற்குப் பதினெட்டு வயது போதும்.

2022 ஜூலையில் திரௌபதி முர்மு 6,76,803 வாக்கு மதிப்புப் பெற்று வென்றார். எதிர்த்து நின்ற யஷ்வந்த் சின்காவிற்கு 3,80,177. சந்தால் பழங்குடியைச் சேர்ந்த முர்மு, அப்பதவிக்கு வந்த முதல் பழங்குடியினர். அத்தேர்தலில் 4,754 பேர் வாக்களித்தனர். 53 தாள்கள் செல்லாதவையாயின. சட்டம் இயற்றுவோரே வாக்குத் தாளில் தவறுகின்றனர் என்றால், முறையாக வாக்களிக்கக் கற்பது எவருக்கும் இழுக்கன்று. மலைமேல் ஒரு விரல் அழுத்தும் பொத்தான், சென்னை வழியாகவும் டில்லி வழியாகவும் சென்று குடியரசின் தலைவரைத் தீர்மானிக்கும் கணக்கில் சேர்கிறது. பெயர் பட்டியலில் இல்லாதவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.