ஒரு துண்டுப் பத்திரிகைக்கு ஊர் எது? தேதி எது?

புதுச்சேரியின் வட எல்லையில் இருக்கிறது கனகசெட்டிக்குளம். அங்கிருந்து கடற்கரைச் சாலையில் சற்றுத் தெற்கே வந்தால் காலாப்பட்டு. 1985-ல் ஏற்பட்ட புதுச்சேரி பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது.

கனகசெட்டிக்குளத்துப் பிள்ளை ஒருவர் அங்கே பாரதியாரைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாக வைத்துக்கொள்வோம். கட்டுரையின் கடைசியில் ஆதாரப் பட்டியல் கொடுக்க வேண்டும். "இந்தியா, 1908" என்று எழுதிவிடுகிறார்.

போதுமா? போதாது!

ஒரே பெயர், இரண்டு ஊர்

"இந்தியா" வாரப் பத்திரிகை 1906-ல் சென்னையில் தொடங்கியது. 1908-ல் ஆங்கில அரசாங்கம் அடக்குமுறையை ஏவியது. பாரதியார், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் பத்திரிகையும் இங்கே வந்துவிட்டது. 1910 மார்ச் வரை நடந்தது.

ஆகவே, 1908-ல் சென்னை "இந்தியா"வும் உண்டு. புதுச்சேரி "இந்தியா"வும் உண்டு. ஊரும் தேதியும் இல்லாவிட்டால் எதைத் தேடுவது?

எழுதியவர் யார்?

சென்னையில் ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் எம்.சீனிவாசன். போலீசார் கைது செய்தது அவரைத்தான். ஆனால், பத்திரிகைக்கு உயிர் கொடுத்த பேனா பாரதியாருடையது!

பெயர் இல்லாத கட்டுரைகளும், புனைபெயர்க் கட்டுரைகளும் அந்தக் காலத்தில் ஏராளம். பெயர் இல்லாத கட்டுரைக்கு நாமாக ஒரு பெயர் சூட்டக்கூடாது. தலைப்பையே முதலில் போட வேண்டும். புனைபெயர் என்றால், அச்சில் உள்ளபடியே போட வேண்டும். உண்மைப் பெயர் ஐயமின்றித் தெரிந்தால், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம்.

ஆறு விவரங்கள்

எழுதியவர், தலைப்பு, பத்திரிகை, ஊர், முழுத் தேதி, பக்கம். இந்த ஆறும்தான் விவரங்கள். எது முன், எது பின் என்பது முறைக்கு முறை மாறும்.

இன்றைய நாளிதழ்களுக்குப் பல ஊர்ப் பதிப்புகள் உண்டு. ஒரு பதிப்பில் 3-ம் பக்கத்தில் வந்த செய்தி, இன்னொன்றில் 5-ம் பக்கத்தில் வரலாம். அதனால்தான் "சிகாகோ" முறை பக்க எண்ணை விட்டுவிடலாம் என்கிறது. இணையத்தில் படித்ததானால், இணைய முகவரியையும் தர வேண்டும்.

பாரதியாரின் எழுத்துகளைக் காலவரிசையில் தொகுத்தவர் சீனி.விசுவநாதன். பழைய இதழ்களில் தேதி இருந்ததால்தான் அந்தப் பெரும்பணி முடிந்தது.

நீங்களும் பத்திரிகைத் துண்டுகளைக் கத்தரித்து வைப்பவரா? ஓரத்தில் பத்திரிகையின் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைக்கு அதுவே ஆதாரம்!